காட்டுக்கத்தியின் உருக்கும் பதமும்



மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்பர். அங்கே கொக்கட்டிச்சோலையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் உழவர்க்குக் காட்டுக்கத்தி இன்றியமையாத கருவியாகும். வரம்பில் மண்டிய பற்றையை வெட்டவும், வேலிக்குக் கதியால் தறிக்கவும், விறகு பிளக்கவும் அதுவே வேண்டும். கொக்கட்டி மரத்தின் பெயரால் அமைந்த அவ்வூரின் தான்தோன்றீசுவரர் ஆலயத்தைப் பற்றிய பழங்கதையிலும் அம்மரத்தில் விழுந்த வெட்டொன்று இடம்பெறுகின்றது.

இத்தகைய கத்தி இரு வகையாற் கெடும். முதிரை போன்ற வைரமரத்திற் பட்டதும் வாய் மடிந்துபோவது ஒன்று. வாய் சிதறுவதும் அலகே முறிந்துபோவதும் மற்றொன்று. வாய் மடிந்தால் அன்றைய வேலை கெடும். முறிந்த துண்டு பறந்தாலோ வெட்டுபவரின் கண்ணுக்கும் அருகில் நிற்பவரின் உடலுக்கும் கேடு வரும். ஆகவே பெரிய கத்திக்கு வன்மை மாத்திரம் போதாது. அடி தாங்கும் முறியாமையும் வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும் என்பதே இத்தொழிலின் சிக்கல்.

முதலில் உருக்கைத் தேர்வோம். இரும்பை உருக்காக்குவது அதனுட் கலந்திருக்கும் காபன் என்னும் கரிப்பொருள். கட்டட வேலைக்குரிய சாதாரண மென்கம்பியில் அது நூற்றுக்கு 0.2 பங்கு அளவே உண்டு. அதனை எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய வன்மை வாராது. பழைய அரத்திலே 1.2 பங்கு வரை இருக்கும். சிறு கத்திக்கு அது சிறந்தது. ஓங்கி வெட்டும் நீண்ட அலகுக்கோ எளிதில் முறியும். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது லொறியின் வில்லுத் தகடு. அதில் ஏறக்குறைய 0.6 பங்கு காபன் உண்டு. பல தகடுகளிற் சிறிதளவு குரோமியமும் சேர்ந்திருக்கும். ஓயாத அதிர்வைத் தாங்கவே செய்யப்பட்டதாதலின் வெட்டுக்கத்திக்கு அது பொருந்தும். ஆயினும் நெடுநாள் உழைத்த தகட்டிலே மயிரிழை போன்ற வெடிப்புகள் மறைந்திருக்கலாம். துருவை நீக்கி, நன்றாகப் பார்த்தே எடுத்தல் வேண்டும்.

காபன் மிகுந்த உருக்கு இந்நாட்டுக்குப் புதியதன்று. சமனலவெவப் பகுதியின் மலைச்சரிவுகளில், பருவக்காற்றின் வேகத்தையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய பழைய உலைகளை ஆய்வாளர் கில் ஜூலெஃப் கண்டறிந்தார். 1996ஆம் ஆண்டு வெளியான அவருடைய ஆய்வு, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அவ்வுலைகளில் அத்தகைய உருக்கு விளைந்ததை எடுத்துக் காட்டிற்று.

இனி உலைக்களத்துக்கு வருவோம். சிரட்டைக்கரி நெருப்பிலே தகட்டைச் செம்மஞ்சள் நிறம் வரக் காய்ச்சி அடித்தல் வேண்டும். பொறி பறக்கும் வெண்சூட்டுக்கு ஏற்றினால் உருக்கு எரிந்து கெடும். நிறம் மங்கியபின் அடித்தால் வெடிப்பு விழும். வடிவம் அமைந்தபின், இருமுறை மும்முறை செஞ்சூடேற்றிக் காற்றிலே ஆறவிட்டால், அடியினால் உள்ளே நின்ற இறுக்கம் தளரும். உருக்கின் மணிகளும் நுண்மையாகும்.

அடுத்தது தோய்ச்சல். சூட்டின் அளவை அறிய ஒரு காந்தம் உதவும். ஏறக்குறைய 770 பாகை செல்சியசில் உருக்குக் காந்தத்தை ஒட்டாது. அதற்குச் சற்று மேலே, 830 முதல் 850 பாகை வரை சென்றதும் தோய்க்கலாம். வெயிலிலே நிறம் கண்ணை ஏமாற்றுமாதலின் இவ்வேலை நிழலில் நடத்தற்குரியது. வில்லுத் தகட்டை நீரிலே தோய்த்தால் வெடிக்கக்கூடும். கைபொறுக்கும் சூட்டுக்கு இளஞ்சூடாக்கிய எண்ணெயே ஏற்றது. வாய்ப்பக்கத்தைக் கீழாக்கி, அலகின் கீழ்ப்பாதியை மாத்திரம் முதலில் அமிழ்த்தினால் வாய் வன்மை பெறும். முதுகு மென்மையாய் நின்று அடி தாங்கும். தோய்த்த வாயின்மீது அரம் பிடிக்காமல் வழுக்கினால் வன்மை வந்துவிட்டது என்பது பொருள்.

பலர் இந்த இடத்திலே வேலை முடிந்ததென்று கருதுகின்றனர். கேடு விளைவதும் இங்கேதான். தோய்த்தெடுத்த அலகு கண்ணாடி போன்றது; கைதவறிக் கல்லில் விழுந்தாலே உடையலாம். ஆறியவுடன் மீண்டும் மெல்லச் சூடேற்றி அதனைப் பதப்படுத்தல் வேண்டும். பாண் வேகும் போறணையின் சூடு இதற்கு உரியது. 200 முதல் 230 பாகை வரை ஒரு மணிநேரம் வைத்து, ஆறவிட்டு, மறுபடியும் அவ்வாறே செய்தல் நன்று. போறணை கிடையாவிடின், அலகை மினுக்கி, காய்ச்சிய தடித்த இரும்புக் கட்டியின்மேல் அதன் முதுகை வைக்கலாம். வைக்கோல் நிறம் 220 பாகை அளவிலும், கபிலம் 250 அளவிலும், ஊதா 280 அளவிலும், நீலம் 300 அளவிலும் முறையே தோன்றி வாயை நோக்கி நகரும். வாயிலே வைக்கோல் நிறம் முதிர்ந்து கபிலமாகும்போது கத்தியை நீரிலிட்டுச் சூட்டை நிறுத்தல் வேண்டும். பின்னர் மின்சாணையிலே தீட்டுகையில் வாய் நீலித்துவிட்டால் அவ்விடத்திற் பதம் போய்விடும். அடிக்கடி நீரில் நனைத்தே தீட்டுதல் நலம்.

முடிந்த கத்தியைப் பார்த்து, அது பதப்படுத்தப்பட்டதா என்று கண்ணால் அறிதல் அரிது. பதமிட்ட கத்தியும் பதமிடாத கத்தியும் கடையிலே ஒரே மினுக்கத்தோடு கிடக்கும். விலையைக் குறைக்கும்படி வாங்குபவர் நெருக்கும்போது, கொல்லர் முதலில் விட்டுவிடக்கூடியதும் கண்ணுக்குத் தோன்றாத அந்த இரண்டு மணிநேரமே. ஆதலால் கத்தி வாங்கச் செல்பவர், எந்த உருக்கு, எதிலே தோய்த்தது, தோய்த்தபின் பதப்படுத்தியதா என்னும் மூன்று கேள்விகளையும் கேட்பாராக. மூன்றாவது கேள்விக்கு நல்ல விடை கிடைத்தால், அவ்வுழைப்புக்கான கூலியைப் பேரம் பேசாமற் கொடுப்பாராக. அந்தக் கூலி தம் கண்ணுக்கும் கைக்கும் தாமே தேடிக்கொள்ளும் காவலாகும்.