பழவேற்காட்டின் வரலாற்றுக் காவலர்கள்

பழவேற்காடு என்றதும் பூநாரையும் இறாலும்தான் நினைவுக்கு வரும். 1613-இல் டச்சுக்காரர்கள் ஜெல்ட்ரியா கோட்டை கட்டிய ஊரும் இதுதான். துணி ஏற்றுமதியோடு வெடிமருந்துத் தயாரிப்பும் நடந்தது. கோட்டை இன்று புதர்மேடு. டச்சுக் கல்லறைத் தோட்டமோ தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்க்கலாம்.

இந்த ஊரின் வரலாற்றைக் காக்கும் பொறுப்பைத் தோளில் ஏற்றது, கட்டடக்கலைஞர் சேவியர் பெனடிக்ட் தலைமையிலான ஆர்டே அறக்கட்டளை. பழவேற்காடு ஏரியையும் மீனவர் வாழ்வையும் சேர்த்தே அது பேசுகிறது. கட்டடத்தை மட்டும் காத்து ஊரை விட்டுவிட்டால் என்ன பயன்?

பறவை பார்க்கப் போகிறவர்கள் கல்லறைத் தோட்டத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கல்வெட்டுகளில் பெயர் கிறுக்காதீர்கள்.