கடிதங்களால் கதை சொன்ன அச்சகர்

ஆங்கில இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுத்த ஆண்டில், சாமுவேல் ரிச்சர்ட்சன் எழுதிய ‘கிளாரிசா’ நாவலை நூலகத்தில் பார்த்துவிட்டு மெல்லப் பின்வாங்கினேன். முதலில் ஏழு தொகுதிகளாக வெளிவந்த நூல் அது. ஏறக்குறைய பத்து இலட்சம் சொற்கள்! தேர்வு நெருங்கும் வேளையில் யாருக்குத் துணிவு வரும்? ஆனால், எழுதியவரின் வாழ்க்கையைப் படித்தபின் மீண்டும் அதே அடுக்கைத் தேடிச் சென்றேன்.

ரிச்சர்ட்சன் 1689-இல் டார்பிஷயரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். மகனைப் பாதிரியாராக்கத் தந்தைக்கு ஆசை. படிக்க வைக்கப் பணமில்லை. எனவே, பல்கலைக்கழக வாசலை மிதிக்காமலேயே 1706-இல் இலண்டன் அச்சகமொன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். இரவில் படிக்க, முதலாளியின் மெழுகுவர்த்தியைத் தொடாமல் சொந்தக் காசில் வாங்கி எரித்தாராம். பகலில் வேலை, இரவில் பாடம் என்றிருக்கும் நம் பகுதிநேர மாணவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

கடிதம் எழுதும் கலை அவருக்குச் சிறுவயதிலேயே கைவந்திருந்தது. பதின்மூன்று வயதில், மூன்று இளம்பெண்கள் தம் காதலர்களுக்கான பதில்களை அவரிடம் எழுதி வாங்கினார்களாம். ஒருத்தியின் இரகசியம் மற்றவர்களுக்குத் தெரியாது!

சொந்த அச்சகம் வளர்ந்தது, வீட்டிலோ துயரம். முதல் மனைவி பெற்ற ஆறு குழந்தைகளும் இறந்தனர். மனைவியும் 1731-இல் மறைந்தார்.

1739-இல் இரு நூல் வணிகர்கள், எழுதப் பழகாத எளிய மக்களுக்காக மாதிரிக் கடிதநூல் ஒன்றைக் கேட்டனர். வேலைக்குப் போன வீட்டில் முதலாளியின் தொல்லைக்கு ஆளாகும் பெண்ணுக்குப் பெற்றோர் எப்படி எழுதுவது? அக்கடிதத்தை எழுதும்போது, முன்பு கேள்விப்பட்ட ஒரு கதை நினைவுக்கு வந்தது. இரண்டே மாதங்களில் ‘பமேலா’ உருவாயிற்று. 1740-இல் அது வெளிவந்தபோது அவருக்கு வயது 51.

பணிப்பெண்ணின் மனத்தை அவள் கடிதங்கள் வழியே அத்தனை நெருக்கமாகக் காட்டியது அக்காலத்திற்குப் புதுமை. ஆயினும், தன்னைத் துன்புறுத்திய முதலாளியையே பமேலா மணக்கிறாள். அது அவள் ஒழுக்கத்திற்குக் கிடைத்த பரிசாம்! என்னால் ஏற்க முடியவில்லை. ஹென்றி ஃபீல்டிங் 1741-இல் ‘ஷமேலா’ எழுதி இதைக் கேலி செய்தார். நான் ஃபீல்டிங் பக்கம்தான்.

ஆனால், 1747–48-இல் வந்த ‘கிளாரிசா’ என் வாயை அடைத்துவிட்டது. சொத்துக்காகக் குடும்பம் திணிக்கும் மணத்திலிருந்து தப்ப, கிளாரிசா லவ்லேஸை நம்புகிறாள். அவனோ அவளுக்கு மயக்கமருந்து கொடுத்துக் கெடுக்கிறான். அவனையே மணந்துகொண்டால் மானம் பிழைக்கும் என்கின்றனர் நலம்விரும்பிகள். அவள் மறுக்கிறாள். நம் திரைப்படங்களில் எத்தனை பஞ்சாயத்துகள் இதே தீர்ப்பைச் சொல்லியிருக்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள்! அப்போது அந்த மறுப்பின் கனம் புரியும்.

தொகுதிகள் இடைவெளி விட்டு வந்ததால், வாசகர்கள் முடிவை மாற்றும்படி மன்றாடினர். பிராட்ஷே சீமாட்டி புனைபெயரில் கடிதம் எழுதி, கிளாரிசாவைக் காப்பாற்றக் கெஞ்சினார். ரிச்சர்ட்சன் இசையவில்லை, கிளாரிசா இறக்கிறாள். கெஞ்சிய சீமாட்டி பின்னர் அவருடைய நெருங்கிய தோழியானார்.

ரிச்சர்ட்சன் 1761-இல் காலமானார். இலண்டன் அச்சுத்தொழிலோடு பிணைந்த ஃபிளீட் தெருவின் புனித பிரைட் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ‘கிளாரிசா’வில் நான் இன்னும் பாதியைக்கூடத் தாண்டவில்லை. நூலக அபராதம்தான் ஏறிக்கொண்டே போகிறது.