ஜாவா எழுத எந்த ஐடிஇ? உங்கள் கணினியில் ஓட்டிப் பாருங்கள்

தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ 2011இல் அலுவலகம் திறந்தது. மென்பொருள் வேலை என்றாலே சென்னைக்கும் பெங்களூருக்கும் பெட்டி கட்ட வேண்டும் என்றிருந்த நிலை இந்த வட்டாரத்தில் அதன்பிறகு மெல்ல மாறியது. ஜோஹோவின் சேவைகளில் பெரும்பகுதி ஜாவாவில் எழுதப்படுபவை. புளியங்குடியில் பி.சி.ஏ. படிக்கும் மாணவருக்கு ஜாவா தேர்வுக்கான பாடம் மட்டுமல்ல, பேருந்தில் போய்வரும் தூரத்தில் இருக்கும் பிழைப்பும்கூட. எந்த ஐடிஇ நல்லது என்று அவர் கேட்டால் பொறுப்பாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

கோட் எழுதும் பக்கம், கம்பைலர், பிழை தேடும் டீபக்கர், ப்ராஜெக்ட் கோப்புகளின் நிர்வாகம் எல்லாம் ஒரே மென்பொருளில் சேர்ந்திருப்பதே ஐடிஇ. நோட்பேடில் எழுதினாலும் ஜாவா ஓடும். கிளாஸ்கள் இருபதைத் தாண்டும்போது ஐடிஇயின் அருமை தெரியும்.

இன்று போட்டியில் இருப்பவை நான்கு. பிராகில் 1996இல் மாணவர்கள் தொடங்கிய நெட்பீன்ஸ், சன், ஆரக்கிள் என்று கைமாறி இப்போது அப்பாச்சியிடம் இருக்கிறது. எக்லிப்ஸை ஐபிஎம் 2001இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதே ஆண்டு வந்தது ஜெட்பிரெய்ன்ஸின் இன்டெல்லிஜே ஐடியா. மைக்ரோசாஃப்டின் விஎஸ் கோட் 2015இல் வந்தது.

யூடியூப் ஒப்பீடுகள் பெரும்பாலும் இன்டெல்லிஜேக்கே முதலிடம் தருகின்றன. அதன் அறிவுக்கூர்மை உண்மைதான். ப்ராஜெக்டையும் அது சார்ந்த லைப்ரரிகளையும் முழுக்கப் படித்து அட்டவணை போட்டு வைத்துக்கொள்வதால் வருவது அது. அந்த அட்டவணைக்கு ரேம் வேண்டும், வேகமான டிஸ்க் வேண்டும். 4 ஜிபி ரேமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் உள்ள மடிக்கணினியில், பிரவுசரையும் திறந்து வைத்திருந்தால், ஒவ்வொரு எழுத்துக்கும் காத்திருக்க நேரும். அப்படியானால் விஎஸ் கோட் போதுமே என்பார்கள். அதன் ஜாவா நீட்சிக்குப் பின்னால் ஓடுவது எக்லிப்ஸின் ஜாவா பகுதியேதான்; திரையில் மெலிதாகத் தெரிந்தாலும் ஜாவா ப்ராஜெக்டைத் திறந்ததும் ரேமை எடுத்துக்கொள்ளும்.

ஆகவே உங்கள் கணினியிலேயே, ஒரே ப்ராஜெக்டை ஒவ்வொன்றிலும் ஓட்டிப் பார்ப்பதே சரியான சோதனை. புளியங்குடிக்குத் தெரிந்த கணக்கையே எடுப்போம்: எலுமிச்சை மண்டி. 40 கிலோ, கிலோ 85 ரூபாய், கமிஷன் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொகை 3,400, கமிஷன் 340 வர வேண்டும். சதவீதத்தை முழு எண்ணாக வைத்து, அதை முதலில் 100ஆல் வகுத்து, பிறகு தொகையால் பெருக்குங்கள். கம்பைலர் ஒரு குறையும் சொல்லாது. கமிஷன் மட்டும் பூஜ்யம் என்று வரும். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் ஜாவா பின்னத்தை வெட்டிவிடும்; பத்தை நூறால் வகுத்தால் அதற்குப் பூஜ்யம்தான்.

இந்தப் பிழையை எந்த ஐடிஇ உங்களுக்குச் சீக்கிரம் காட்டித் தருகிறது? தொகை தசம வகையில் இருந்தால், இப்படிப்பட்ட வகுத்தலை எச்சரிக்கும் சோதனை இன்டெல்லிஜேயில் இருக்கிறது. எக்லிப்ஸிலும் நெட்பீன்ஸிலும் அந்த வரியில் பிரேக்பாயிண்ட் வைத்து நிறுத்தி, வகுத்தல் பகுதியின் மதிப்பை மட்டும் கேட்டால் 0 என்று கண்முன் நிற்கும். தீம், நிறம், ஐகான் எல்லாவற்றையும்விட டீபக்கருக்குத்தான் நான் அதிக மதிப்பெண் தருவேன். வேலையில் சேர்ந்தபின் அடுத்தவர் எழுதிய கோடில் பிழை தேடுவதில்தான் நாளின் பெரும்பகுதி போகும்.

தமிழையும் சோதியுங்கள். ஜாவாவில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். மொழி அதை ஏற்கிறது. விவசாயி பெயரைத் தமிழில் அச்சிட்டால் கன்சோலில் கேள்விக்குறிகள் வருகின்றனவா என்று பாருங்கள். 2022இல் வந்த ஜாவா 18 முதல் யூடிஎஃப்-8 இயல்பான குறியாக்கமாகிவிட்டது. ஆனாலும் விண்டோஸ் கன்சோலின் அமைப்பு தனி. சில இடங்களில் அதையும் மாற்ற வேண்டும்.

என் தீர்ப்பு இது. முதல் பருவத்தில் புளூஜே போதும். கிளாஸையும் ஆப்ஜெக்டையும் படமாகக் காட்டிக் கற்பிக்கவே 1999இல் உருவானது அது. பிறகு 4 ஜிபி கணினியென்றால் எக்லிப்ஸ் அல்லது நெட்பீன்ஸ். 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் இருந்தால் தயங்காமல் இன்டெல்லிஜே. அதன் அடிப்படை வசதிகளுக்குக் கட்டணம் இல்லை, உயர் வசதிகளுக்கும் மாணவர்களுக்கு இலவச உரிமம் உண்டு.

ஒன்றைக் கல்லூரிகள்தான் செய்ய வேண்டும். தேவையான லைப்ரரிகளைத் தானே கொண்டுவந்து சேர்க்கும் கருவி மேவன். மேவன் ப்ராஜெக்டை முதல்முறை திறக்கும்போது அவை இணையத்திலிருந்து இறங்கும். செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் மாணவரின் அன்றைய டேட்டாவில் பெரும்பங்கு அதிலேயே போய்விடலாம். ஒருமுறை இறங்கியவை கணினியின் ஒரு ஃபோல்டரில் தங்கிவிடும், மேவனை இணையமில்லாமலும் ஓட்டலாம். அந்த ஃபோல்டரையும் ஜாவா கம்பைலர் அடங்கிய ஜேடிகேயையும் ஐடிஇ நிறுவல் கோப்புகளையும் லேபிலேயே பென் டிரைவில் பிரதி எடுத்துக்கொள்ள மாணவர்களை அனுமதிக்க வேண்டும்.