பிளாஷ் அடித்தால் நம்பர் மாயம்!

அச்சரப்பாக்கம்,-

விபத்தில் சிக்கிய காரை இரவில் செல்போனில் படம் எடுக்கிறீர்களா? பிளாஷ் போடாதீர்கள்! நம்பர் விழாது!

நானே ஏமாந்தவன். சிவபெருமானின் தேர் அச்சு முறிந்ததாக தல புராணம் சொல்லும் ஊர் அச்சரப்பாக்கம். இப்போது முறிவதெல்லாம் கார் அச்சு! சென்னை-திருச்சி சாலையில், ஒரு நாள் இரவு, தடுப்பில் மோதி நின்ற காரை ஓடி ஓடி படம் பிடித்தேன். ஆபீசில் சீனியர் பார்த்தார். "என்னப்பா, இந்த வண்டிக்கு நம்பரே கிடையாதா?" என்று கேட்டார்.

நம்பர் பலகை இருந்த இடத்தில் ஒரே வெள்ளை. சுண்ணாம்பு அடித்த மாதிரி!

திரும்பி வரும் வெளிச்சம்

கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் ஒருவரிடம் காட்டினேன். சிரித்தார்.

"தம்பி, நம்பர் பலகை மேல லைட் அடிச்சா, அடிச்சவன்கிட்டேயே திருப்பி அனுப்பிடும்" என்றார்.

பின்னால் வரும் வண்டியின் ஹெட்லைட்டில் நம்பர் பளிச்சென்று தெரியவேண்டும். அதற்காகவே பலகை மேல் அப்படி ஒரு தாள் ஒட்டுகிறார்கள். செல்போனில் பிளாஷும் லென்சும் பக்கத்தில் பக்கத்தில். போன வெளிச்சம் அத்தனையும் லென்சுக்குள்ளேயே வந்து விழுகிறது. எழுத்து அழிந்து போகிறது.

பிளாஷை அணையுங்கள். இன்னொருவரை நாலு அடி தள்ளி நிற்கவைத்து டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். செல்போன் திரையில் நம்பர் பலகை மேல் விரல் வைத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். படம் இருட்டாக இருக்கும். இருக்கட்டும்! நம்பர் தெரியும்.

(முதலில் 108-க்கு போன். படம் எல்லாம் அப்புறம்தான். உதவி செய்தவர் பெயரைச் சொல்லும்படி போலீசார் கட்டாயப்படுத்த முடியாது. 2019-ல் திருத்திய சட்டம் அப்படி.)

2 லட்சமா? 5 லட்சமா?

இடித்துவிட்டு ஓடிய வண்டி எது என்று தெரியாவிட்டால், இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். படுகாயத்துக்கு 50 ஆயிரம். 2022 ஏப்ரல் 1 முதல் இந்தத் தொகை. நம்பர் தெரிந்து வண்டி சிக்கினால் கதையே வேறு. யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே 5 லட்சம் கேட்கலாம். படுகாயத்துக்கு 2½ லட்சம். கோர்ட்டில் வழக்காடினால் இன்னும் கூடக் கிடைக்கலாம். ஒரு படத்தில் இவ்வளவு இருக்கிறது!

உச்சி வெயில் வேண்டாம்

பகலிலும் வெளிச்சம் ஏமாற்றும். உச்சி வெயிலில் வெள்ளைக் காரின் நெளிசல் படத்தில் தெரியவே தெரியாது. சாய்ந்த வெயிலில் எடுத்தால் சின்னப் பள்ளத்துக்கும் நிழல் விழும். இன்சூரன்ஸ்காரரிடம் காட்ட அதுதான் நல்லது. இரவானால் டார்ச்சை தகரத்தை ஒட்டிப் பிடித்து, பக்கவாட்டில் அடிக்கவேண்டும்.

கருப்புக் கார் என்றால் வேறு தொல்லை. எடுப்பவரே அதில் தெரிவார். நான் எடுத்த ஒரு படத்தில் காரை விட என் சட்டைதான் நன்றாக விழுந்திருந்தது!

முன் கண்ணாடி மினுக்குகிறதா? போலராய்டு கூலிங் கிளாஸ் இருந்தால் லென்ஸ் முன்னால் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் மினுக்கம் அடங்கும். உள்ளே ஸ்டியரிங், இருக்கை எல்லாம் தெரியும்.

போன வாரம் மறுபடியும் அதே சாலை. ஒரு டீக்கடைக்காரர் டார்ச் பிடித்தார். சீனியர் படத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்கவில்லை.