உலை வைக்கும் முன் ஒரு பிடி

கொச்சி வைட்டிலாவில் மெட்ரோவும் பஸ்ஸும் படகும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. சுற்றியுள்ள அடுக்குமாடி வீடுகளுக்குச் சம்பளம் வந்து சேர்வது மாதத் தொடக்கத்தில். வீட்டுக்கடன் தவணை, பிள்ளைகளின் ஃபீஸ், மளிகை என்று கணக்குப் போடும்போது கிறிஸ்தவக் குடும்பங்களில் இன்னொரு கேள்வியும் எழும்: கடவுளுக்கு எவ்வளவு எடுத்து வைப்பது?

தமிழ்நாட்டு சி.எஸ்.ஐ. வீடுகளில் இதைத் தசமபாகம் என்பார்கள், மலையாளிகள் தசாம்சம் என்பார்கள். பத்தில் ஒன்று, கேட்க எளிது. ஆனால் எதில் பத்தில் ஒன்று? 60,000 ரூபாய் சம்பளத்தில் பி.எஃப்., வரி எல்லாம் போய் 52,000 கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் என்றால் 6,000. கைக்கு வந்ததில் என்றால் 5,200. 20,000 ரூபாய் தவணையும் கழித்துப் பார்த்தால் 3,200தான். கணவனும் மனைவியும் இதில் ஒத்துப்போகவே சில மாதங்கள் ஆகலாம். மல்கியா தீர்க்கதரிசி பத்தில் ஒன்றைக் கேட்கிறார். பவுலோ கொரிந்தியருக்கு எழுதும்போது விகிதமே சொல்லவில்லை. அவரவர் மனதில் தீர்மானித்ததை வருத்தமில்லாமல் கொடுக்கச் சொல்கிறார். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமும் உதவுவது கடமை என்கிறதே தவிர, சதவீதம் குறிப்பதில்லை.

இந்த வாதங்களுக்கெல்லாம் இடம் தராத ஒரு வழி, வைட்டிலாவிலிருந்து அதிக தூரமில்லாத கூனம்மாவில் 1871இல் மறைந்த புனித சாவறா குரியாக்கோஸ் ஏலியாஸ் அடிகளாரின் பெயரோடு சேர்ந்து நினைக்கப்படுகிறது. பள்ளிக்கு வரும் ஏழைப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட அவர் கண்ட வழி 'பிடியரி'. உலையில் போட அரிசியை அளந்ததும் அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளித் தனிப் பானையில் போடுவாள் வீட்டுக்காரி. சோறு மிஞ்சுமா என்று பார்த்துக்கொண்டிருப்பதில்லை. கையிருப்பு குறைந்த நாளில் அளக்கும் படியும் குறையும்; பானைக்குப் போகும் பிடி மட்டும் நிற்காது. சம்பாத்தியம் ஆணுடையது என்றிருந்த காலத்தில் அந்த முடிவு அடுப்படியில் பெண்ணின் கையில் இருந்ததே இதன் பெரிய சிறப்பு.

திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வே.ச. அசரியாவும் இந்தக் கைப்பிடி வழியையே நம்பினார். 1903இல் இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்னின்றவர் அவர். இந்தியர் பணத்திலேயே இந்தியர் ஊழியம் நடக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. பின்னாளில் தோர்ணக்கல் பேராயராக, வறிய தெலுங்குக் கிராமத்துப் பெண்களும் கைப்பிடி அரிசி சேர்த்துக் கோயிலுக்குக் கொண்டுவரப் பழக்கினார். ஏழையிடம் காணிக்கை கேட்கக் கூடாது என்று இரக்கப்படுவது அவனைக் கொடுப்பவனாக மதிக்காமல் விடுவதுதான். அசரியா அப்படி விடவில்லை.

எவ்வளவு என்பது முடிவானாலும் யாருக்கு என்பது மிச்சமிருக்கிறது. எல்லாம் கோயிலுக்கே என்பவர்கள் உண்டு. உபாகமமோ மூன்றாம் ஆண்டின் பத்தில் ஒரு பங்கில் லேவியரோடு பரதேசிக்கும் அனாதைக்கும் விதவைக்கும் பங்கு வைக்கிறது. பக்கத்து வீட்டு டயாலிசிஸ் செலவைக் காணிக்கைக் கணக்கில் சேர்க்கத் தயங்குகிறவர்கள் அந்தப் பகுதியை ஒருமுறை வாசிக்கலாம்.

கைப்பிடி அரிசி பழங்கதை அல்ல. மிசோரம் பிரஸ்பிட்டேரியன் வீடுகளில் அதற்குப் 'புஃபாய் தாம்' என்று பெயர். நூறாண்டு கடந்தும் அங்கே பெண்கள் ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு பிடியை ஒதுக்குகிறார்கள். சேர்ந்த அரிசியை வீடு வீடாக வாங்கி, விற்று, அந்தப் பணத்தில் ஊழியம் நடத்துகிறார்கள்.