பதினாயிரம் காரணிகள் கொண்ட பேரெண்

கண்டிச் சீமையிலே, மடுல்கெல்லத் தேயிலை மலைகளிடையே கணிதம் கற்பிக்கும் நம்மிடம் மாணவர் அடிக்கடி வினவுவதொன்றுண்டு. “எண்ணைக் காரணிப்படுத்துவதால் யாது பயன்?” என்பதே அது. விடையாக ஒரு பேரெண்ணை அறிமுகஞ் செய்வோம்: 6,74,632 கோடியே 83,88,800.

முதலிற் சிற்றெண்ணொன்றை நோக்குவோம். 12 என்பதை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். 12க்குக் குறைந்த எவ்வெண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. இவ்வாறு தனக்குக் குறைந்த எல்லா எண்களையும் காரணித்தொகையில் வெல்லும் எண்களைக் கணித மேதை இராமானுஜன் ஆராய்ந்தார். 1907ஆம் ஆண்டு எப்.ஏ. பரீட்சையில் தேறாத அவர், இவ்வாராய்ச்சியை 1915இல் இலண்டனில் வெளியிட்டார். அதன் பொருட்டே 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது.

நூற்றுக்கு மேற்பட்ட அத்தகைய எண்களை அவர் அட்டவணைப்படுத்தினார். அதன் இறுதி எண்ணே நாம் மேலே கூறியது. அதனைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறையும் வரும். ஒவ்வொரு தடவைத் தொகையுடனும் ஒன்று கூட்டிப் பெருக்குக: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2. விடை 10,080. அத்தனை காரணிகள்!

சிறிய பகா எண்ணே மிகுதியாக வருவதேன்? 18இல் 2 ஒரு முறையும் 3 இரு முறையும் உள. 12இல் இது தலைகீழ். இரண்டிற்கும் ஆறு காரணிகளே. ஆயின் 12 சிறியது. சிறியதே வெல்லும்.

இனி ஒரு வியப்பு. 29,331 கோடியே 86,25,600 என்னும் எண் அவ்வட்டவணையில் விடுபட்டுப் போயிற்று. பின்வந்தோர் அதனைக் கண்டனர். அதனை 23ஆற் பெருக்கினால் அட்டவணையின் இறுதி எண்ணே கிடைக்கும்! மேதையின் பெருமை இதனாற் குன்றவில்லை. எனினும், எவர் எழுதிய கணக்கையும் மாணவன் தானே செய்து பார்த்தல் வேண்டுமென்பது இதனால் விளங்கும்.

விடுபட்ட எண்ணின் காரணிகள் 5,040. அந்த 5,040க்கு எத்தனை காரணிகள்? பிள்ளைகளே, தாளும் பென்சிலும் எடுங்கள். 60 வந்தால் கணக்குச் சரி.