செத்துப்போன கம்ப்யூட்டருக்கு உயிர் வந்தது!

பழைய எந்திரங்களை ஓட வைத்து மகிழும் விந்தையான பொழுதுபோக்கு

ராமநாதபுரம் மாவட்டத்தில், கமுதி வட்டாரத்தில் அபிராமம் என்று ஓர் ஊர் இருக்கிறது.

அந்த ஊரில் இருந்தும், சுற்றுப்புற ஊர்களில் இருந்தும் கடல் கடந்து சென்று பொருள் ஈட்டியவர்கள் பலர். மலேசியா, சிங்கப்பூர், அரபு நாடுகள் என்று பல இடங்களிலும் உழைத்தார்கள். ஊர் திரும்பும்போது வீட்டாருக்குத் துணிமணி கொண்டு வந்தார்கள். ரேடியோ கொண்டு வந்தார்கள். டேப் ரெக்கார்டர் கொண்டு வந்தார்கள். பிற்காலத்தில் வந்தவர்கள் கம்ப்யூட்டரும் கொண்டு வந்தார்கள்.

இப்படி ஆசையோடு வந்த சாமான்களின் கதி என்ன?

முதலில் கூடத்தில் இருக்கும். பிறகு மூலைக்குப் போகும். அதன் பிறகு பரணில் ஏறும். கடைசியில் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்!

பழைய ரேடியோவைத் தூசி தட்டிப் பாட வைத்து மகிழ்கிறவர்களை நீங்கள் பார்த்து இருக்கலாம். அதைப்போலப் பழைய கம்ப்யூட்டரைப் பழுது பார்த்து ஓட வைப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உலகம் எங்கும் இருக்கிறார்கள்.

"கடைக்குப் போனால் புதிய கம்ப்யூட்டர் கிடைக்கிறதே! பழசு எதற்கு?" என்று கேட்கிறீர்களா?

அதற்குப் பதில் சொல்ல ஓர் உண்மைக் கதை இருக்கிறது. அது இங்கிலாந்தில் நடந்தது.

"சூனியக்காரி"

இங்கிலாந்தில் ஹார்வெல் என்ற இடத்தில் அணுசக்தி ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. அங்கே நாள் முழுவதும் பெரிய பெரிய கணக்குகளைப் போட்டாக வேண்டும். அதற்காகவே ஆட்கள் இருந்தார்கள். கையால் இயக்கும் கணக்கு எந்திரத்தை வைத்துக்கொண்டு, அவர்கள் ஓயாமல் கணக்குப் போட்டார்கள்.

அவர்களுடைய வேலையைக் குறைப்பதற்காக 3 என்ஜினீயர்கள் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டரைச் செய்தார்கள். 1951-ம் ஆண்டில் அது வேலை செய்யத் தொடங்கியது.

அதன் எடை எவ்வளவு தெரியுமா? 2 1/2 டன்!

அதில் 828 கண்ணாடிக் குழல்கள் இருந்தன. ஒவ்வொரு குழலிலும் 10 புள்ளிகள். ஆரஞ்சு நிற ஒளி ஒன்று புள்ளிக்குப் புள்ளி தாவும். ஒளி எந்தப் புள்ளியில் நிற்கிறதோ, அதுதான் அந்த எண். கம்ப்யூட்டரின் மனதில் என்ன கணக்கு ஓடுகிறது என்பதை எதிரே நின்று கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆனால் அது வேகமான எந்திரம் அல்ல. இரண்டு எண்களைப் பெருக்க அதற்கு 5 முதல் 10 விநாடி வரை ஆகும்.

ஒரு முறை மனிதருக்கும் எந்திரத்துக்கும் போட்டி நடந்தது. கை எந்திரத்துடன் ஒருவர் உட்கார்ந்தார். ஏறக்குறைய அரை மணி நேரம் அவர் கம்ப்யூட்டருக்கு ஈடு கொடுத்தார். அதற்கு மேல் முடியவில்லை. களைத்துப்போய் எழுந்துவிட்டார்.

கம்ப்யூட்டருக்குக் களைப்பு ஏது? அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. வேகம் அல்ல, அந்த ஓயாத உழைப்புதான் அதன் பலம்.

காலம் மாறியது. அதைவிட வேகமான எந்திரங்கள் வந்தன. 1957-ம் ஆண்டில் அந்தக் கம்ப்யூட்டரை ஒரு போட்டியில் பரிசாக வைத்தார்கள். "இதை நல்ல முறையில் பயன்படுத்தப்போகும் கல்லூரிக்கே இது சொந்தம்" என்று அறிவித்தார்கள். உல்வர்காம்ப்டன் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரி வெற்றி பெற்றது.

அங்கேதான் அதற்கு "விட்ச்" என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் "விட்ச்" என்றால் சூனியக்காரி! 1973-ம் ஆண்டு வரை அந்தச் சூனியக்காரி மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள்.

காட்டிக்கொடுத்த போட்டோ

பிறகு அந்த எந்திரம் பர்மிங்காம் நகரத்துக் காட்சிச்சாலைக்குப் போனது. 1997-ம் ஆண்டில் அந்தக் காட்சிச்சாலையும் மூடப்பட்டது. கம்ப்யூட்டரைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். நாளடைவில் எல்லாரும் அதை மறந்துபோனார்கள்.

ஒருவர் மட்டும் மறக்கவில்லை.

அவர் சிறு வயதில் அந்தக் காட்சிச்சாலைக்குப் போய் "விட்ச்" எந்திரத்தைப் பார்த்தவர். வளர்ந்த பிறகு, பிளெட்ச்லி பார்க்கில் உள்ள தேசியக் கம்ப்யூட்டர் மியூசியத்தை நடத்துகிறவர்களில் ஒருவர் ஆனார். அவர் பெயர் கெவின் முரல்.

ஒரு நாள் கிடங்கில் எடுத்த போட்டோ ஒன்று அவர் கண்ணில் பட்டது. அதன் ஓரத்தில் சுவிட்சுகள் நிறைந்த ஒரு பலகை தெரிந்தது. "இது அதுவல்லவா!" என்று அவர் துள்ளிக் குதிக்காத குறைதான்.

2009-ம் ஆண்டில் எந்திரத்தை மியூசியத்துக்குக் கொண்டு வந்தார்கள். தொண்டர்கள் கூடினார்கள். கம்பி கம்பியாகச் சுத்தம் செய்தார்கள். குழல் குழலாகச் சோதித்தார்கள். 3 ஆண்டுகள் உழைத்தார்கள்.

2012-ம் ஆண்டு நவம்பர் 20-ந் தேதி சுவிட்சைப் போட்டார்கள். ஆரஞ்சு ஒளிகள் மீண்டும் தாவத் தொடங்கின!

அந்தக் காட்சியைக் காண, எந்திரத்தை முதன் முதலில் வடிவமைத்த 3 பேரில் 2 பேர் வந்திருந்தார்கள். இருவரும் வயது முதிர்ந்தவர்கள். அவர்களில் ஒருவரான குக்-யார்பரோ அடுத்த சில வாரங்களில் காலமாகிவிட்டார். தன் கையால் செய்த எந்திரம் மறுபடியும் ஓடியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அவர் போனார்.

முதலில் செய்த பாகங்களோடு இன்றும் ஓடும் டிஜிட்டல் கம்ப்யூட்டர்களில் மிகவும் பழையது அதுதான்.

நம் நாட்டு எந்திரம்

இந்தியாவிலும் அந்தக் காலத்திலேயே கம்ப்யூட்டர் செய்தார்கள். இது பலருக்குத் தெரியாது.

பம்பாயில் உள்ள டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் அந்த வேலை நடந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் ஆர்.நரசிம்மன். அவர் சென்னையில் பிறந்த தமிழர்.

அந்தக் குழுவில் இருந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். அவர்களே படித்து, அவர்களே வரைந்து, அவர்களே கம்பி இணைத்து அந்தக் கம்ப்யூட்டரைக் கட்டினார்கள். அதில் 2,700 வால்வுகள் இருந்தன. அதன் இரும்புச் சட்டம் மட்டும் 18 அடி நீளம்; 8 அடி உயரம்!

1960-ம் ஆண்டில் அது முழு வேலையில் இறங்கியது. 1962-ம் ஆண்டில் பிரதமர் நேரு அதற்கு "டிப்ராக்" என்று பெயர் சூட்டினார்.

1964-ம் ஆண்டில் அமெரிக்காவில் இருந்து மிகவும் வேகமான கம்ப்யூட்டர் ஒன்று அதே நிலையத்துக்கு வந்தது. டிப்ராக் ஓய்வு பெற்றது.

இங்கிலாந்தின் "விட்ச்" இன்றும் ஓடுகிறது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று அதைப் பார்க்கிறார்கள். ஆனால், நம்மவர்கள் செய்த டிப்ராக் ஓடுவதை இனி யாரும் பார்க்க முடியாது.

பழைய எந்திரத்தைக் காப்பாற்றுவதற்கும் காப்பாற்றாமல் விடுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

பாட்டுப் பாடிய கம்ப்யூட்டர்

அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனி 1959-ம் ஆண்டில் "1401" என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டது. 10 ஆயிரத்துக்கு மேல் அவை தயாரிக்கப்பட்டன. இந்திய ரெயில்வேயிலும் அவை வேலை செய்தன. துளை போட்ட அட்டைகளை அடுக்கிக் கொடுத்தால், சம்பளக் கணக்கு அச்சாகி வெளியே வரும்.

கலிபோர்னியாவில் உள்ள கம்ப்யூட்டர் சரித்திர மியூசியத்தில் அப்படிப்பட்ட 2 எந்திரங்களை மறுபடியும் ஓட வைத்திருக்கிறார்கள். ஓட வைத்தவர்களில் பலர், இளமையில் அதே எந்திரங்களைப் பழுது பார்த்த தலை நரைத்த என்ஜினீயர்கள்!

இதே எந்திரம் பற்றி ஐஸ்லாந்து நாட்டில் ஒரு கதை உண்டு. அங்கே 1964-ம் ஆண்டில் ஒரு "1401" வந்தது. அதைப் பராமரித்த என்ஜினீயர் ஒரு விந்தையைக் கண்டார். எந்திரத்தின் அருகே ரேடியோவை வைத்தால், கம்ப்யூட்டரின் மின் அலைகள் ரேடியோவில் ஓசையாகக் கேட்டன. ஏற்ற இறக்கமாகக் கணக்குக் கொடுத்தபோது, அது பாட்டாகவே வந்தது!

1971-ம் ஆண்டில் எந்திரம் ஓய்வு பெற்றது. அதற்கு ஒரு வழியனுப்பு விழா நடத்தினார்கள். அதன் பாட்டை டேப்பில் பதிவு செய்து வைத்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு என்ஜினீயரின் மகன் யோகான் யோகான்சன் இசை அமைப்பாளர் ஆனார். தந்தை வைத்திருந்த அந்த டேப்பைக் கொண்டே ஓர் இசைத்தட்டு உருவாக்கி, 2006-ம் ஆண்டில் வெளியிட்டார்.

வீட்டுக்கு வந்த கம்ப்யூட்டர்

இவை எல்லாம் அறை நிறைய இடம் பிடிக்கும் எந்திரங்கள். வீட்டில் வைத்துப் பழுது பார்க்க ஏற்றவை 1980-க்குப் பிறகு வந்த சிறிய கம்ப்யூட்டர்கள்.

1984-ம் ஆண்டில் இந்திய அரசாங்கம் பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர் பாடம் தொடங்கியது. அதற்கு "பி.பி.சி. மைக்ரோ" என்ற இங்கிலாந்து நாட்டுக் கம்ப்யூட்டர் பயன்பட்டது. அந்தக் காலத்தில் "ஸ்பெக்ட்ரம்" என்று இன்னொரு கம்ப்யூட்டரும் உண்டு. அதை டேப் ரெக்கார்டருடன் இணைப்பார்கள். பாட்டுக் கேசட் போன்ற கேசட்டைப் போட்டால், "கீ... கீ..." என்று சத்தம் கேட்கும். சில நிமிடங்களில் விளையாட்டு திரையில் வந்துவிடும்.

இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவைக்கூட அந்தக் கம்ப்யூட்டரின் நினைவில் வைக்க முடியாது. அவ்வளவு சின்ன மூளை!

ஆனால் அதில் ஒரு நன்மை உண்டு. மூடியைத் திறந்தால், எது எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். சுவிட்சைப் போட்டதும் "என்ன செய்யட்டும்?" என்று கேட்பதுபோலத் திரையில் ஒரு குறி மினுக்கும். சிறுவன் இரண்டு வரி எழுதினால், அந்த இரண்டு வரியையும் செய்து காட்டும். இன்றைய செல்போனுக்குள் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரிவது இல்லை. பழைய கம்ப்யூட்டரோ எதையும் மறைப்பது இல்லை.

உயிர் கொடுப்பது எப்படி?

பரணில் இருந்து இறக்கிய கம்ப்யூட்டரை உடனே மின்சாரத்தில் செருகக்கூடாது. இதுதான் முதல் பாடம்.

முதலில் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே சின்ன பாட்டரி ஒன்று இருக்கலாம். அது கசிந்து, பச்சையாகப் பூத்துப்போய்ப் பலகையை அரித்திருந்தால் அதைக் கழற்றிவிட வேண்டும். கண்டன்சர்கள் உப்பி இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். உப்பியவற்றை எடுத்துவிட்டுப் புதிது வைத்துப் பற்ற வைக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று அதிகம். அதனால் இணைப்புகள் துருப்பிடித்து இருக்கும். அவற்றையும் துடைக்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகு, மின்சாரம் தரும் பகுதியைத் தனியாகச் சோதிப்பார்கள். ரேடியோ மெக்கானிக்குகள் வைத்திருக்கும் "சீரிஸ் பல்பு" இங்கேயும் உதவும். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும். எந்திரம் தப்பிவிடும்.

ஓர் எச்சரிக்கை! பழைய பெட்டித் திரையின் பிக்சர் டியூப்பில், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கி இருக்கலாம். தெரியாதவர்கள் கை வைக்கக்கூடாது. டி.வி. மெக்கானிக் அருகில் இல்லாமல் பிள்ளைகள் அதைத் திறக்கவே கூடாது.

பிளாப்பிக்குள் தமிழ்

எந்திரத்தோடு போவது எந்திரம் மட்டும் அல்ல.

1985-ம் ஆண்டில் மலேசியாவில் முத்து நெடுமாறன் "முரசு" என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். அந்தக் காலத்தில் தமிழர்கள் கம்ப்யூட்டரில் கடிதம் எழுதினார்கள். கதை எழுதினார்கள். சங்க மலர்களை அச்சுக்குத் தயார் செய்தார்கள். எல்லாவற்றையும் "பிளாப்பி" என்ற மெல்லிய தட்டுகளில் பதிந்து வைத்தார்கள்.

அந்தத் தட்டுகளில் ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். நாளாக ஆகப் பதிவும் மங்கும். இன்றைய கம்ப்யூட்டரில் அதைச் செருகுவதற்கு வாயே கிடையாது! பழைய எந்திரம் ஒன்று ஓடினால் அதைப் படிக்க முடியும். படித்துப் புதிய கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால், பிறகு கவலை இல்லை.

ஆகவே, பரணைச் சுத்தம் செய்யும்போது சற்று நிதானியுங்கள்.

பழைய கம்ப்யூட்டர் கிடந்தால், அதை வாங்கி வந்தவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். எங்கே வாங்கினார், எப்படி ஓட்டினார் என்று கேளுங்கள். பிள்ளைகளும் கேட்கட்டும். அவர் சொல்வதை எழுதி வையுங்கள்.

பழைய இரும்புக்காரர் நாளைக்கும் வருவார். எந்திரத்தின் கதை தெரிந்தவர் எப்போதும் இருக்கமாட்டார்!